பட்டறைக் கத்திக்குக் கடைசி வாய் வைப்பது

கேள்வி இதுதான். குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் ஒரு பட்டறையில் பழைய ஜீப் பட்டையில், அதாவது வண்டிக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் எஃகுப் பட்டையில், அடித்து வாங்கிய கத்தி. அலகின் அகலம் சுமார் 40 மி.மீ. ஆசாரி தோய்ச்சல் போட்டு (சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கி), பிடி மாட்டி, மேலே உள்ள கறுப்பு போகாமலே கொடுத்துவிட்டார். வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, மொட்டை. தெரிந்த வெல்டிங் கடையில் கிரைண்டரில் காட்டியதில் முனைப்பக்கம் நீலம் ஏறிவிட்டது. தக்காளி நசுங்குகிறது, தேய்த்து எடுத்தாலும் இரண்டு நாளில் கூர் போய்விடுகிறது. என்ன கல் வாங்குவது, எத்தனை நம்பர் வரை போவது (நம்பர் கூடக்கூடக் கல் சன்னம்), இல்லை சாணைக்காரரிடமே கொடுத்துவிடலாமா?

கல்லைப் பற்றி அப்புறம் பேசலாம். பட்டறைக் கத்தி நறுக்காமல் நசுக்கினால், கோளாறு பெரும்பாலும் வாய்க்குப் பின்னால் இருக்கிற கனத்தில்தான் இருக்கும். அந்தக் கனத்தை அப்படியே விட்டுவிட்டு எத்தனை ஆயிரம் நம்பர் கல்லில் தேய்த்தாலும் வாய் பளபளக்கும், தக்காளி நசுங்கும்.

ஆசாரி ஏன் கனமாக விட்டார் என்றால், விடாமல் முடியாது. தோய்ச்சலுக்கு முன்பே வாயைத் தாள் மாதிரி ஆக்கிவிட்டால் உலையில் அந்த இடம் மட்டும் முந்திக்கொண்டு சூடேறும், தோய்க்கிறபோது கோணும் அல்லது கீறல் விடும். அதனால் ஏறத்தாழ ஒரு மி.மீ. கனம் விட்டுத்தான் தோய்ப்பார்கள். மீதியை எடுப்பது தோய்ச்சலுக்குப் பிறகு செய்கிற தனி வேலை. நம் பக்கத்துப் பட்டறைகளில் அன்றாடம் ஓடுவது வெட்டுக்கத்தி, மண்வெட்டி, கோடாலி. தேங்காய் வெட்டவும் கம்பு தறிக்கவும் அந்த ஒரு மி.மீ. சரியான கனம்தான். கேட்டு வாங்காவிட்டால் கறிக்கத்திக்கும் அதே கணக்குத்தான் கிடைக்கும். ஆசாரியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

சரி, நீலத்திலிருந்து ஆரம்பிப்போம். அதை முடிக்காமல் மற்ற வேலையைத் தொட்டால் உழைப்பெல்லாம் வீண்.

எஃகு சூடாகும்போது மேலே மெல்லிய ஆக்சைடு படலம் படிகிறது. அதன் கனம் கூடக்கூட நிறம் மாறும். 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் மஞ்சள், 250 தாண்டினால் பழுப்பு, 280 வாக்கில் ஊதா, 300-ஐ நெருங்கினால் நீலம். தோய்ச்சல் முடிந்ததும் எஃகு கண்ணாடி போல உடையும் நிலையில் இருக்கும். அதைக் கொஞ்சம் சூடுகாட்டிப் பதம் இறக்குவார்கள். சமையல் கத்தி என்றால் மஞ்சளில் நிறுத்திவிட வேண்டும். உங்கள் பட்டை ஜீப்புக்கு அடியில் இருந்த காலத்தில் 400 டிகிரிக்கும் மேலே பதம் இறக்கப்பட்டிருக்கும். வளைந்து நிமிர வேண்டிய வேலைக்கு அந்த மென்மை தேவை. கத்தியின் வாய்க்கு அது ஆகாது. கிரைண்டரில் நீலம் ஏறிய இடத்தில் உங்கள் கத்தி கத்தியாக இருப்பதை விட்டுவிட்டுப் பழையபடி பட்டையாகிற வழியில் போய்விட்டது.

ஏன் அவ்வளவு சீக்கிரம் வேகிறது? 150 மி.மீ. சக்கரம் போட்ட பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 2,800 சுற்று வாக்கில் ஓடும். அதன் விளிம்பு வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் உரசுகிறது. நான்கு அங்குல கை கிரைண்டர் 11,000 சுற்று; அதன் விளிம்பு வினாடிக்கு 58 மீட்டர் வாக்கில். வாய்ப்பக்கம் எஃகு மெல்லிசாக இருப்பதால் சூட்டை வாங்கி உள்ளே கடத்த அங்கே சரக்கே இல்லை. அலகு கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே விளிம்பு 300 டிகிரியைத் தொட்டிருக்கும். திருவட்டாறு பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு மூத்த ஆசாரி இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: “கையில சூடு தெரியதுக்கு முந்தியே வாய் வெந்து போவும் மக்களே.” நீலம் வந்த பிறகு தண்ணீரில் முக்குவதால் பயனில்லை. நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட்டாலும் பதம் திரும்பி வராது. நிறம் மேலே இருக்கிற படலம், கெட்டது உள்ளே இருக்கிற எஃகு.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று பார்க்க ஒரு பொடி அரம் போதும். பிடிப்பக்கம் நீலம் ஏறாத இடத்தில் வாயின் மேல் அரத்தை லேசாகத் தள்ளுங்கள். பதம் சரியாக இருந்தால் அரம் வழுக்கும், அல்லது மிகச் சிரமப்பட்டுக் கொஞ்சம் கடிக்கும். அதே அழுத்தத்தில் நீல இடத்தில் தள்ளுங்கள். வெண்ணெயில் போவது போல இறங்கினால் அந்த எஃகை எடுத்தாக வேண்டும். நிறம் முடிகிற இடத்தோடு கேடு முடிந்துவிடாது, இன்னும் அரை மி.மீ., ஒரு மி.மீ. உள்ளே போய்ப் பாருங்கள். மொத்தத்தில் இரண்டு மி.மீ.-க்குள் அடங்கினால் கையாலேயே எடுத்துவிடலாம். முரட்டுக் கல்லில் தண்ணீர் விட்டு, வாயைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்தி, அலகின் முழு நீளத்துக்கும் சீராக இழுத்துத் தேய்க்க வேண்டும். முனையில் மட்டும் எடுத்தால் வாய்க்கோடு குழிந்துபோகும், அப்புறம் பலகையில் வெங்காயம் நறுக்கும்போது அறுபடாத தோல் மாலை மாதிரி தொங்கும். அதற்கும் மேலே ஆழமாக நீலம் போயிருந்தால் பிடியைக் கழற்றி ஆசாரியிடம் திரும்பக் கொண்டுபோய் மறுபடி தோய்ச்சல் போடச் சொல்லுங்கள். வேறு வழியில்லை.

கூர் இரண்டு நாளில் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கரி உலையில் பல தடவை சூடேற்றி அடிக்கும்போது எஃகின் மேல்தோலிலிருந்து கரிமம் எரிந்து போய்விடும். ஸ்பிரிங் எஃகில் இருப்பதே 0.5 முதல் 0.65 சதவீதம் கரிமம்தான். மேல்தோலில் அதுவும் குறைந்துவிட்டால் அந்தத் தோல் கூரைத் தாங்காது. புதுப் பட்டறைக் கத்தி முதலில் சரியாக நிற்காமல், சில முறை தீட்டிய பிறகு ‘பழகி’ நன்றாக நிற்கிறது என்று வீடுகளில் சொல்வார்களே, நடப்பது இதுதான். தோல் போய் நல்ல எஃகு வாய்க்கு வருகிறது. நீலத்தை எடுக்கும்போதே இந்தத் தோலும் போய்விடும், ஒரே வேலையில் இரண்டு காரியம்.

இனி கனம். வாயிலிருந்து ஒரு மி.மீ. மேலே அலகு எவ்வளவு கனம் என்று வெர்னியர் வைத்துப் பாருங்கள். கறிக்கத்திக்கு 0.3 முதல் 0.5 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். வெர்னியர் இல்லையென்றால் ஏடிஎம் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதன் கனம் 0.76 மி.மீ. உங்கள் கத்தி அந்த அட்டையில் பாதிக்கு வர வேண்டும். இதைக் கண்ணால் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. கூர் வைத்த பிறகு வாயோரம் ஒரு பளபளப்பான பட்டை தெரியும். பக்கத்துக்கு 15 டிகிரி சாய்வில் தீட்டியிருந்தால், ஒரு மி.மீ. கனமுள்ள கத்தியில் அந்தப் பட்டை கிட்டத்தட்ட இரண்டு மி.மீ. அகலமாக இருக்கும், 0.4 மி.மீ. கனம் என்றால் 0.8 மி.மீ.தான் இருக்கும். பட்டை அகலமாகத் தெரிந்தால் கத்தி தடிமன், அவ்வளவுதான்.

மெல்லிசாக்குகிற வேலையில் பொறுமைதான் பெரிய செலவு. தோய்ச்சல் போட்ட எஃகில் அரத்தைப் போட்டால் அரம்தான் கெடும். பெல்ட் கிரைண்டர் கிடைத்தால் நல்லது. புது பெல்ட்டாக இருக்கட்டும், ஏனென்றால் தேய்ந்த பெல்ட் வெட்டாது, உரசிச் சூடு மட்டும் ஏற்றும். கையுறை போட வேண்டாம். ஓடுகிற இயந்திரத்தில் அது சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். தவிர, வெறும் விரல் அலகுக்குப் பின்னால் இருந்தால்தான் சூடு தெரியும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு வாளித் தண்ணீரில் முக்குங்கள். அடுத்த இழுப்பில் வாயோரம் ஒட்டியிருக்கிற தண்ணீர்த்துளியைப் பாருங்கள். அது ஆவியாகத் தொடங்கினால் கையை எடுத்துவிடுங்கள். கண்ணாடி கட்டாயம். இன்னொன்று, கை கிரைண்டரில் இரும்பு அறுக்கிற மெல்லிய வட்டின் பக்கவாட்டில் கத்தியை வைத்துத் தேய்க்கிற பழக்கம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் நிறைய உண்டு. அந்த வட்டு பக்கவாட்டு அழுத்தம் தாங்காது. அந்த வேகத்தில் உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இயந்திரம் இல்லாமலும் முடியும். ஒரு கிரானைட் துண்டு அல்லது நல்ல சமமான தரை டைல்ஸ் மேல் 120 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, முதுகு காகிதத்திலிருந்து இரண்டு மூன்று மி.மீ. மட்டும் உயர்ந்திருக்கும்படி தேய்த்துக்கொண்டே போங்கள். இரண்டு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை இல்லை. 120-க்குப் பிறகு 220, 400 என்று கோடுகளைச் சன்னமாக்கினால் கத்தி காய்க்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும், துருவும் சீக்கிரம் பிடிக்காது. முதுகுப் பக்கத்தில் உள்ள உலைக் கறுப்பை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். அது அங்கே இருப்பதால் துரு குறையும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

வாய்க்குப் பின்னால் கனம் இறங்கிவிட்டால் கூர் வைப்பது சின்ன வேலை. சாய்வு எத்தனை டிகிரி என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். முதுகை எவ்வளவு தூக்குவது என்று மட்டும் பாருங்கள். உங்கள் கத்தி 40 மி.மீ. அகலம், முதுகு கல்லிலிருந்து 10 மி.மீ. உயர்ந்தால் ஏறத்தாழ 15 டிகிரி, 14 மி.மீ. என்றால் 20 டிகிரி. காய்கறிக்கும் சாளை, அயிலை மாதிரி மீனுக்கும் 15-இலிருந்து 18 வரை போதும். இது ஸ்பிரிங் எஃகு என்பதால் அதற்குக் கீழே போக வேண்டாம், வாய் மடங்கும். நெய்மீன் தலை பிளக்க, எலும்பு தட்ட இந்தக் கத்தியை எடுக்கவே கூடாது. அதற்கு வீட்டில் வெட்டுக்கத்தி இருக்குமே. அதற்கு 25-இலிருந்து 30 டிகிரி, அதுவும் வாய்ப்பக்கம் லேசாக உப்பலாக இருந்தால் சில்லு பெயராமல் நிற்கும்.

கல்லுக்கு வருவோம். ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும் இரட்டைப் பக்கக் கார்போரண்டம் கல்லின் முரட்டுப் பக்கம் பழுது பார்க்க ஆகும், சன்னப் பக்கம் தொடக்கத்துக்கு ஆகும். அதோடு 1,000 நம்பர் தண்ணீர்க் கல் ஒன்று இருந்தால் சமையல் கத்திக்கு வேறு கல் தேவைப்படாது. 3,000, 6,000 எல்லாம் ஆசைக்கு வாங்குவது. தப்பில்லை, ஆனால் மீன் தோலும் தக்காளித் தோலும் 1,000-இல் நிறுத்திய, கொஞ்சம் பல் இருக்கிற வாய்க்குத்தான் நன்றாகப் பிடிகொடுக்கும். கல்லில் தண்ணீரா எண்ணெயா என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது. நடுவில் குழி விழுந்த கல்லில் சாய்வு நிற்காது. சிமென்ட் தரையில் மணலும் தண்ணீரும் போட்டு அந்தக் கல்லைத் தேய்த்தால் சமமாகிவிடும். அம்மியிலும் துணி துவைக்கிற கல்லிலும் தீட்டுவது அவசரத்துக்குச் செய்வதுதான். கருங்கல்லில் பெரிய மணியும் சின்ன மணியும் கலந்து கிடக்கும். ஒரு இடம் வெட்டும், அடுத்த இடம் கீறும்.

தீட்டும் முன் வாயோரம் இரண்டு பக்கமும் மார்க்கரால் மை பூசுங்கள். கல்லில் மூன்று நான்கு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். மை மேல்பக்கம் மட்டும் போயிருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது, கல் இன்னும் வாயைத் தொடவில்லை. விளிம்பில் மட்டும் போயிருந்தால் தூக்கிவிட்டீர்கள். பட்டை முழுவதும் மை அழியும்படி கையைச் சரிசெய்துகொண்டு, அப்படியே போக வேண்டியதுதான். கைப்பழக்கம் வந்த பிறகும் இதை விடாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்த ஆள்தான்.

ஒரு பக்கத்தை எவ்வளவு நேரம் தேய்ப்பது? பிசிறு வரும்வரை. வாய் கல்லைச் சரியாகத் தொட்ட பிறகு எஃகு மெல்லிசாகி மறுபக்கம் மடிந்து நிற்கும். கட்டைவிரலின் சதைப் பகுதியை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே போகும்படி மெதுவாக வழித்தால் தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. பிசிறு பிடியிலிருந்து முனை வரை விடாமல் தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பாதி இடத்தில் இருக்கிறது, போதும் என்று திருப்பிவிட்டால் மீதிப் பாதி மொட்டையாகவே நிற்கும், எந்தச் சன்னக் கல்லும் அதைத் தீர்க்காது. பிறகு மறுபக்கம் தேய்த்து, பிசிறு இந்தப் பக்கம் திரும்பி வரவேண்டும்.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பிசிறு நிற்கிற கத்தி தாளை வெட்டும், கைமுடியைக்கூடச் சிரைக்கும். இரண்டு வெங்காயம் நறுக்கியதும் அந்தப் பிசிறு மடிந்து, ‘கூர் நிற்கவே மாட்டேங்குது’ என்று கத்தியின் மேல் பழி விழும். ஸ்பிரிங் எஃகில் பிசிறு சவ்வு மாதிரி இழுபடும், உதிரத் தாமதமாகும். அதனால் 1,000 நம்பரில் கடைசிக் கட்டத்தில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பக்கத்துக்கு ஐந்து இழுப்பு, மூன்று, ஒன்று என்று மாற்றி மாற்றி, கடைசியில் கத்தியின் சொந்த எடை மட்டும் கல்லில் இருந்தால் போதும். அப்படியும் போகவில்லை என்றால் முதுகை இன்னும் ஒரு மி.மீ. தூக்கி, பக்கத்துக்கு ஒரு தடவை மட்டும், மிக லேசாக. பஞ்சை எடுத்து வாயின் குறுக்கே தடவினால் பிசிறு இருக்கிற இடத்தில் நார் சிக்கும். ட்யூப்லைட்டுக்கு நேரே வாயை மேலே பார்க்கப் பிடித்தாலும் தெரியும். நல்ல கூரில் வெளிச்சம் பிரதிபலிக்காது. வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அங்கே மொட்டையோ பிசிறோ இருக்கிறது.

மிச்சமிருக்கிற பிசிறை எடுக்க வெளியூர்க்காரர்கள் தோல் வாரும் பச்சை மெழுகும் பயன்படுத்துகிறார்கள். அந்த மெழுகில் இருப்பது குரோமியம் ஆக்சைடு. நமக்கு அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கல்குளம், விளவங்கோட்டுப் பனையேறிகள் இதைவிடப் பழைய, இதைவிட மலிவான ஒரு வழி வைத்திருந்தார்கள். மரப்பலகை ஒன்று, அதன் மேல் வெள்ளைக்கல்லை, அதாவது வெங்கச்சங்கல்லை (குவார்ட்ஸ்) இடித்துச் சலித்த பொடி. பாளை அருவாளை அதில் தீட்டித்தான் மரம் ஏறுவார்கள். காலையும் சாயங்காலமும் பாளையின் நுனியில் தாள் கனத்துக்கு ஒரு சீவல். அருவாள் கொஞ்சம் மழுங்கினாலும் பாளை நசுங்கும், அப்புறம் பதநீர் சரியாகச் சுரக்காது. அந்த அருவாளின் கூரைப் பார்த்தவர்களுக்குக் கடையில் விற்கிற எந்தக் கத்தியும் பெரிதாகத் தெரியாது. குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுக்காரர்களின் கத்தியும் இதே ஜாதி. மழுங்கின கத்தி பட்டையைச் சீவாமல் கிழிக்கும், உள்தோலில் காயம் பட்டால் புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும்.

வீட்டில் செய்வதென்றால் ஓர் அடி நீளத்துக்குச் சமமாக இழைத்த, கணு இல்லாத மரத்துண்டு போதும். வெங்கச்சங்கல்லை ஈரத்துணியில் பொதிந்து உடைத்து, இடித்து, மெல்லிய பருத்தித் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். விரலில் தேய்த்தால் நறநறவென்று படக்கூடாது, முகப்பவுடர் போல இருக்க வேண்டும். இடிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்வது முக்கியம். அந்தப் பொடி நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது, சிலிக்கோசிஸ் என்ற நோயே அதனால் வருவதுதான். பலகையில் துளி எண்ணெய் தடவி, ஒரு சிட்டிகை பொடி தூவி, கத்தியின் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வர இழுங்கள். கல்லில் வைத்த அதே சாய்வு, அல்லது ஒரு மயிரிழை குறைவு. பக்கத்துக்கு ஏழெட்டு இழுப்புக்கு மேல் வேண்டாம். அதிகம் இழுத்தால் வாய் உருண்டுவிடும். வெங்கச்சங்கல்லின் கடினம் மோஸ் அளவில் 7. ஸ்பிரிங் எஃகு போன்ற சாதாக் கரிம எஃகைத் தேய்க்க அது போதும். குரோமியமும் வனேடியமும் அதிகம் போட்ட விலை உயர்ந்த ஸ்டெயின்லெஸ் கத்திகளில் உள்ள கார்பைடு மணிகள் அதைவிடக் கடினமானவை; அவற்றுக்கு இந்தப் பலகை எடுபடாது.

கூர் வைத்த பிறகு பதம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஆறு மி.மீ. பித்தளைக் கம்பியைப் படுக்கவைத்து, கூர் வைத்த அதே சாய்வில் வாயை அதன் மேல் வைத்து அழுத்தினால் விளிம்பு லேசாக வளைவது வெளிச்சத்தில் தெரியும். அழுத்தத்தை எடுத்ததும் நிமிர்ந்தால் நல்ல பதம். வளைந்தபடியே நின்றால் மென்மை, அந்த இடத்தில் இன்னும் எடுக்க வேண்டும். சில்லு பெயர்ந்தால் பதம் இறக்கியது போதவில்லை. முனைப்பக்கத்தில் இதைக் கட்டாயம் செய்யுங்கள், நீலம் முழுவதும் போய்விட்டதா என்று அங்கேதான் தெரியும்.

சாணைக்காரரிடம் கொடுக்கலாமா என்றால், ஆளைப் பொறுத்தது. சைக்கிளை மிதித்துச் சக்கரம் சுற்றுகிறவரிடம் பயப்பட ஒன்றுமில்லை, அந்த வேகத்தில் நீலம் ஏறுவது அபூர்வம். மோட்டார் போட்டுத் தீப்பொறி பறக்கக் காட்டுகிறவரிடம் இந்தக் கத்தியைத் தர வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கூடவே நின்று, ‘அண்ணாச்சி, வாயில கை வைக்காண்டாம், மேல்பக்கம் மட்டும் மெல்லிசாக்கித் தந்தா போதும்’ என்று சொல்லுங்கள். வாயை நீங்கள் வீட்டுக் கல்லில் வைத்துக்கொள்ளலாம். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் மீன் வெட்டுகிறவர்கள் எவரிடம் கத்தி கொடுக்கிறார்கள் என்று விசாரித்தால் நல்ல கை எது என்று தெரிந்துவிடும். அவர்களுக்குக் கூர் போனால் பிழைப்பு போகும்.

தினசரிப் பராமரிப்புக்குக் கல்லை எடுக்க வேண்டியதில்லை. உப்புமாங்காய் போடுகிற பரணியை (பீங்கான் சாடி) கவிழ்த்தால் அடியில் பளபளப்புப் பூச்சு ஏறாத ஒரு வளையம் இருக்கும். கையால் தடவிப் பார்த்துச் சன்னமாக இருந்தால், அதில் பக்கத்துக்கு மூன்று நான்கு தடவை லேசாக இழுத்தால் சோர்ந்த வாய் எழுந்துவிடும். பலகை செய்து வைத்திருந்தால் அதுவே மேல்.

கூர் போவதில் துருவுக்கும் புளிக்கும் பங்கு உண்டு. குடம்புளி, மாங்காய், எலுமிச்சை எதை அறுத்தாலும் உடனே கழுவித் துடையுங்கள். அலகு சாம்பல் நிறமாவது பரவாயில்லை, அந்தப் படலம் செந்துருவைத் தடுக்கும். ஆனால் வாயின் நுனி மைக்ரான் கணக்கில் மெல்லிசானது, புளிப்பு அதைத் தின்றுவிடும். நம் மாவட்டத்துக்கு எடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் காற்றே ஈரம். துடைத்த கத்தியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். நல்லெண்ணெய் வேண்டாம், அது நாளாவட்டத்தில் பிசினாகும். தேங்காய் எண்ணெய் அப்படி உலராது. சக்கை (பலாப்பழம்) வெட்டும் முன்பும் அலகில் அதே எண்ணெயைத் தடவிக்கொள்ளுங்கள். பிசின் ஒட்டிவிட்டால் சுரண்ட வேண்டாம், எண்ணெய்த் துணியால் துடைத்தாலே வந்துவிடும்.